பதினான்காம் மாதிரி

வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு நாள், எங்களுக்கு வலி கற்பிப்பார்கள்.

எங்கள் வேலை தொலைபேசியில். திருச்சி புத்தூரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு ஹெட்போன்கள், பன்னிரண்டு இடதுகைக் கையுறைகள். வீட்டில் படுத்திருக்கும் நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அவர் அழைக்கும்போது நாங்கள் கையுறைக்குள் கையை விட்டால் அவருடைய வலியின் நகல் ஆறு விநாடி எங்கள் முன்கையில் ஓடும். பிறகு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போடுவோம். அந்த எண்ணுக்கு ஏற்றபடி அவர் வீட்டிலிருக்கும் மருந்துப் பெட்டி திறந்து மாத்திரை கொடுக்கும்.

நான் பி.எஸ்சி. நர்சிங் படித்தவன். பெயர் அமலன். ஆறு வருடமாக இந்த லைனில் இருக்கிறேன். போன வருடப் பயிற்சிக்கு வரவில்லை. அப்போது என் மனைவி பவுலின் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இந்த வருடமும் கையெழுத்து வாங்காவிட்டால் கையுறை போடும் அனுமதி போய்விடும். வேறு வேலை தருவார்கள். எனக்கு அது வேண்டாம். ஒரு நாளில் கையுறைக்குள் இருக்கும் அந்த ஆறாறு விநாடிகளில் மட்டும்தான் எனக்கு ஏதாவது தெரிகிறது.

பயிற்சி எடுக்க வந்தவர் டாக்டர் ஷமீனா. வலி மருத்துவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார்.

"போன வருஷம் படிச்சது ஞாபகம் இருக்கா பாப்போம். பட்டை எதைக் கேக்குது?"

தெய்வானை சிஸ்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றார். ஐம்பத்திரண்டு வயது. எங்கள் லைனில் மூத்தவர்.

"நாடி, வேர்வை, தசை இறுக்கம், நரம்புத் துடிப்பு. மொத்தத்துல உடம்பு வலியைத் தாங்க என்ன பாடு படுதோ அத, மேடம்."

"வலி ஏன் வந்துச்சுன்னு சொல்லுமா?"

"சொல்லாது. சொல்லிட்டா எங்களுக்கு எதுக்கு மேடம் சம்பளம்?"

"வாய் ஒரு நம்பர் சொல்லுது, கையுறை ஒரு நம்பர் சொல்லுது. எதப் போடுவீங்க?"

"கையுறையத்தான். நம்ம ஊர்ல யாரு மேடம் வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொல்றாங்க? போற உசுரப் புடிச்சிக்கிட்டு, 'பரவால்ல சிஸ்டர், நீங்க சாப்டாச்சா'ம்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

"மருந்தக் குறைக்கணும்னா?"

"டாக்டர் நேர்ல போகணும். கூட்டறதுக்குக் கையுறை போதும்."

"பட்டை ஆறு மணி நேரம் பேசலன்னா?"

"பெட்டி பூட்டிக்கும். நர்ஸ் வீட்டுக்குப் போய்ப் பாத்துத்தான் தொறக்கணும். மாத்திரை வேற யார் கைக்கும் போயிடக்கூடாதுல்ல."

"உக்காருங்க. பாஸ்."

முதல் சோதனை ஐஸ் வாளி. இடது கையை மணிக்கட்டுக்கு மேல்வரை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். தாங்காதபோது எடுத்துவிட்டு எண் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் கைக்கும் ஏற்றபடி கையுறையைச் சரிசெய்ய இது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுவார்கள்.

தெய்வானை சிஸ்டர் முப்பத்தைந்து விநாடி. "எட்டு மேடம். எனக்குப் பிரசவமே ஆறுதான்."

நான் கையை வைத்தேன். தண்ணீருக்கடியில் என் விரல்கள் தெரிந்தன. சுண்டுவிரல் நகம் கோணலாக வளர்ந்திருக்கிறது. போன வருடம் பீரோக் கதவில் நசுங்கியது. நகம் கறுத்து, விழுந்து, மறுபடி முளைத்தும் நேராகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிரதர். நாலு நிமிஷம் ஆச்சு. கைய எடுங்க."

எடுத்தேன்.

"எத்தன?"

"ரெண்டு."

டாக்டர் என் விரல்களைத் துண்டால் துடைத்து, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மரத்த கைக்கு நான் கையுறை குடுக்க முடியாது, பிரதர். அங்க எட்டா இருக்கும். நீங்க மூணுன்னு போடுவீங்க. அவரு படுக்கையில துடிச்சிக்கிட்டுக் கெடப்பாரு."

"கையுறையில எனக்குத் தெரியும் மேடம். மாதிரிகள்ல பாருங்க."

"பாக்கத்தான் போறேன்."

மாதிரிகள் என்பவை நிஜ அழைப்புகளிலிருந்து எடுத்த பதிவுகள். பெயர் இருக்காது. மொத்தம் இருபது. எண்ணும் சொல்ல வேண்டும், உடம்பில் எந்த இடம் என்றும் சொல்ல வேண்டும். கையுறைக்குள் மணிக்கட்டுப் பக்கம் தலை, முழங்கைப் பக்கம் கால், இரு ஓரங்களிலும் கைகள். பழகினால் பல் வலி எந்தப் பக்கத்துப் பல் என்பதுவரை தெரியும்.

சிறுநீரகக் கல், வலது, ஒன்பது. சர்க்கரைப் புண், குதிகால், நான்கு. எண்ணெய் கொட்டிய தொடை, ஏழு. பதின்மூன்றுவரை நான் ஒன்றும் தவறவிடவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கி என் தாளை இரண்டாவது முறை பார்த்தார்.

"பதினாலு இந்த வருஷம் புதுசு" என்றார். "எலும்புக்குப் பரவின புற்றுநோய். எட்டு எப்படி இருக்கும்னு இதுலதான் கத்துக்கணும். ஜனவரியிலேர்ந்து எல்லா மாவட்டத்துலயும் இதத்தான் போட்டுக் காட்டறோம். மத்தது எது தப்பானாலும் பரவாயில்ல. இது தப்பாச்சுன்னா கையெழுத்து இல்ல."

ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள். ஆறு விநாடி. இளையவள் ஒருத்தி தண்ணீர் கேட்டாள். தெய்வானை சிஸ்டர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

என் முறை.

எண் எட்டு. அதில் சந்தேகமில்லை. ஆனால் எலும்பு வலி எனக்குத் தெரியும். இடுப்பில் பிடிக்கும், முதுகுத்தண்டில் ஒரு கணுவில் குத்தும், அசைந்தால் ஏறும். இது எங்கும் பிடிக்கவில்லை. முன்கை முழுவதும் ஒரே கனம். ஈரத்துணி போர்த்தியது போல.

எண்: எட்டு என்று எழுதினேன். இடத்தை வெறுமையாக விட்டேன்.

"இடம்?" என்றார் டாக்டர்.

"இடம் இல்ல மேடம்."

"உடம்பு பூரா பரவினது. இடுப்பு, முதுகு, விலான்னு எழுதணும்."

"அங்கெல்லாம் இல்ல."

அவர் என் தாளை மடித்து வைத்தார். "நாளைக்கு இன்னொரு தடவ பாருங்க. கடைசித் தடவ."

மாலை ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் தெய்வானை சிஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேருந்துகள் போயின. அவர் ஏறவில்லை.

"தம்பி, இடுப்பு, முதுகுன்னு எழுதிட்டுப் போயேன். அந்தம்மா கேக்கறது அதானே."

"இல்லாதத எப்படி எழுதறது, சிஸ்டர்?"

அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"நாளைக்கு அதுல கைய விடாத. நான் மேடம்கிட்டப் பேசறேன்."

"ஏன்?"

"அது பவுலினோடது."

பேருந்து ஒன்று வந்து நின்று போனது.

"நான் எடுத்த போன் அது. கைய விட்டதுமே தெரிஞ்சிடுச்சு. ஒரு வருஷமாகியும் என் கைக்கு மறக்கல. இத எப்படி மாதிரியில போட்டாங்களோ. பேர எடுத்துட்டா போதும்னு நெனைச்சிருப்பாங்க. உன்கிட்ட யார் கேட்டா?"

"இறப்புக்கு அப்புறம் ஒரு படிவத்துல கையெழுத்து வாங்கினாங்க. படிக்கல."

"விட்டுடு. என்ன?"

"சரி" என்றேன்.

நான் விடுவதாக இல்லை. வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். நாளைக்கு ஆறு விநாடி அவளோடு இருக்கலாம் என்பதைத் தவிர வேறு எதுவும் நினைக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை நேரடி அழைப்புகள். டாக்டர் இன்னொரு ஹெட்போன் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். குளித்தலையிலிருந்து மரகதம் என்ற பெண். கணவருக்கு முதுகுத்தண்டில் கட்டி.

"வணக்கம் அக்கா. அவர் எப்படி இருக்கார்?"

"அப்படியேதான் தம்பி. தூக்கிப் போட்டுப் போட்டு முழிக்கிறாரு."

கையை விட்டேன். முதுகில் ஒன்றுமில்லை. இரண்டு முழங்காலிலும் ஐந்து. வலது தோளில் ஒரு இழுப்பு. ஆளைத் தூக்கி உட்கார வைத்த தோள்.

"அக்கா, பட்டை யார் கையில இருக்கு?"



"என் கையிலதான் தம்பி. அவருக்கு அரிக்குதாம். அவுத்து வெச்சா பொட்டி பூட்டிக்குமே, அதான் நான் மாட்டிக்கிட்டேன். தப்பா?"

"தப்பில்லக்கா. இப்ப அவர் கையில போடுங்க. ரெண்டு நிமிஷம் போதும். நான் லைன்ல இருக்கேன்."

மாற்றிக் கட்டினார். முதுகு, ஏழு. எண்ணைப் போட்டேன். பெட்டி திறக்கும் சத்தம் தொலைபேசியில் கேட்டது.

டாக்டர் ஹெட்போனைக் கழற்றினார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அது படுத்திருக்கறவங்க வலி இல்ல மேடம். வேலை செய்யறவங்க வலி."

"ஐஸ்ல நாலு நிமிஷம் நின்ன கைதானா இது?" அவர் எழுந்தார். "வாங்க. பதினாலு முடிச்சிடுவோம். கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

தெய்வானை சிஸ்டர் வாசலில் நின்று தலையை ஆட்டினார், வேண்டாமென்று. நான் கையை விட்டேன்.

முதல் இரண்டு விநாடி பவுலினைத் தேடினேன். அவளுக்கு இடது இடுப்பில்தான் முதலில் பரவியது. அங்கே ஒன்றும் இல்லை. விலாவில் இல்லை. வீங்கியிருந்த கைகளில் இல்லை. அந்தக் கனம் மட்டும். அது யாருடையதாகவும் இருக்கலாம்.

ஐந்தாவது விநாடியில், கனத்துக்கு அடியில், இடது ஓரத்தில், மிகச் சிறியதாக ஒன்று துடித்தது. சுண்டுவிரல் நுனி. நகத்துக்கடியில் ரத்தம் கட்டினால் துடிக்குமே, அது.

கையை வெளியே எடுத்தேன். கையுறையைத் தட்டில் வைத்தேன்.

"இது நோயாளியோடது இல்ல மேடம்."

"வேற யாரோடது?"

"என்னோடது."

அவர் உட்கார்ந்தார். தெய்வானை சிஸ்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

சொன்னேன். கடைசிப் பத்து நாளில் பவுலினின் கைகள் வீங்கின. பட்டை பதிந்த இடத்தில் தோல் வெடித்து நீர் வடிந்தது. காலில் கட்டினால் பட்டை பேசாது. 'அமல், இதக் கழட்டிடேன்' என்றாள். கழற்றினேன். ஆறு மணி நேரத்தில் பெட்டி பூட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வரும் நர்ஸ் வாரத்துக்கு ஒரு நாள்தான். என் கையில் மாட்டிக்கொண்டேன். எனக்கு விதி தெரியும். நோயில்லாத உடம்பு. பூஜ்யம் காட்டும். பூஜ்யம் காட்டினாலும் போனில் மருந்தைக் குறைக்க முடியாது. இருக்கிற அளவு அப்படியே நிற்கும். எண்ணை வாயால் சொல்லிவிடலாம். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

"அன்னிக்கு பீரோவுல அவளுக்கு நைட்டி எடுத்தேன். விரல் நசுங்குச்சு. வலிச்ச ஞாபகம்கூட இல்ல மேடம். அந்த நாள் எதுவுமே எனக்கு வலிக்கல. சமைச்சேன். துணி தோய்ச்சேன். எனக்கு மனசுன்னு ஒண்ணு இல்லையோன்னுகூட நெனைச்சேன்."

தெய்வானை சிஸ்டர் பக்கம் திரும்பினேன்.

"சிஸ்டர், அன்னைக்கு நான் போன்ல எத்தனன்னு சொன்னேன்?"

அவர் கதவில் சாய்ந்துகொண்டார்.

"நாலுன்னு சொன்ன. கையுறை எட்டுன்னுச்சு. பொண்டாட்டி படற பாட்டப் பாக்க முடியாம கொறைச்சுச் சொல்றான்னு நெனைச்சேன். எட்டு போட்டேன். மறுநாளும் அதே. மறுபடி கூட்டினேன்." என்னைப் பார்த்தார். "பட்டை யார் கையிலன்னு நான் கேக்கல தம்பி. வேற யாரா இருந்தாலும் கேட்டிருப்பேன். நீ நர்ஸு. உன்கிட்டப் போய் அதக் கேப்பேனா?"

கேட்டிருக்க மாட்டார். நானும் அவரிடம் கேட்டிருக்க மாட்டேன்.

நான்கு என்பது பவுலினே சொன்னது. நான்கில் அவள் பேசுவாள். அந்த வாரம் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தினமும் ஒன்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை வீட்டு வரி ரசீது. வியாழக்கிழமை கேஸ் புத்தகம். 'பீரோவோட ரெண்டாவது சாவி நாளைக்கு' என்றாள், சிரித்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை பெட்டி ஒன்றுக்குப் பதில் இரண்டு மாத்திரை கொடுத்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் மூன்று. அவள் தூங்கினாள். நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை இறந்தாள்.

அந்தச் சாவி இன்னும் கிடைக்கவில்லை.

"மருந்து அவங்களக் கொல்லல" என்றார் டாக்டர். "நோய்தான். அந்த அளவு யாரையும் கொல்லாது. அத நான் எழுதியே குடுப்பேன்."

"தெரியும் மேடம்."

"நாலு நாள் தூங்க வெச்சிருக்கு."

"ஆமா."

என்னுடைய வலிக்கு அவள் மருந்து சாப்பிட்டிருக்கிறாள். நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

டாக்டர் வெகுநேரம் என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானூறு பேருக்கு மேல இதக் காட்டியிருக்கேன். எலும்பு வலி எட்டுன்னா இதுதான்னு. இனி எந்த வீட்டுல எந்தப் புருஷன் மாட்டியிருந்தாலும் அவங்க எட்டு போடுவாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இடுப்பு, முதுகுன்னு எழுதியிருந்தா இப்பக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்கலாம். இதச் சொன்னதுக்கு அப்புறம் என்னால முடியாது. நர்ஸே பட்டைய மாத்திக் கட்டியிருக்கீங்க."

"முடியாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

"கையுறை போகும்."

"போகட்டும் மேடம்."

தெய்வானை சிஸ்டர் என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். கோணல் நகத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். அவர் கை சூடாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

பதினான்காம் மாதிரியை அவர்கள் அழிக்கவில்லை. என்னிடம் கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன். இப்போது அதன் சீட்டு இப்படி இருக்கிறது: ஆண், முப்பத்தொன்று. நோய் இல்லை. எண், எட்டு. இடம், இல்லை. மருந்து என்ற கட்டத்தில் ஒரு கோடு. எலும்பு வலிக்கு வேறு ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். இதைப் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே காட்டுகிறார்களாம். கையை எடுத்ததும் ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேட்கச் சொல்கிறார்கள்: பட்டை யார் கையில்?

படிவத்திலும் ஒரு மாற்றம். முன்பு எண்ணுக்கு ஒரே கட்டம். இப்போது இரண்டு. கையுறை காட்டியது, வாயால் சொன்னது. இரண்டுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யாராவது திரும்பக் கூப்பிட்டுப் பேசிய பிறகே பெட்டி திறக்கும்.

அந்த யாராவது நான்தான். இரண்டாம் மாடியிலேயே, ஜன்னலோரம், பதின்மூன்றாவது நாற்காலி. ஹெட்போன் உண்டு. கையுறை கிடையாது. காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை.

நேற்று குளித்தலைக்குப் பேசினேன். மரகதம் எடுத்தார். குக்கர் சத்தம் கேட்டது.

"அக்கா, பட்டை யார் கையில இருக்கு?"

"அவரு கையிலதான் தம்பி. சத்தியமா. அன்னைக்கு நீங்க சொன்னதுலேர்ந்து நான் தொடவே இல்ல. உள்ள துணி வெச்சுக் கட்டியிருக்கேன், இப்ப அரிக்கலையாம்."

"அவர் எத்தனன்னு சொல்றார்?"

"அஞ்சுங்கறாரு."

எழுதினேன். பேசி முடித்திருக்கலாம்.

"உங்களுக்கு?"

"எனக்கென்ன?"

"உங்களுக்கு எத்தனக்கா?"

"எனக்கு என்ன தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க சாப்டாச்சா?"

"சாப்டாச்சு. நீங்க சொல்லுங்க."

குக்கர் இரண்டு முறை விசிலடித்தது. அவர் போய் அணைத்துவிட்டு வந்தார். லைனைத் துண்டிக்கவில்லை. நான் காத்திருந்தேன். கையுறை இருந்தால் ஆறு விநாடியில் தெரிந்துவிடும். இப்படிக் காத்திருக்க நேரம் பிடிக்கிறது.

"நாலு" என்றார்.

எட்டாகவும் இருக்கலாம். சொன்னது என்ற கட்டத்தில் நாலு என்று எழுதினேன்.